மூக்கில் கட்டிய துண்டு காப்பாற்றுமா?



வரி, உரிமம், எடை முத்திரை, சரக்கு நிலவரம் என்று நமது இதழில் மாதந்தோறும் பல செய்திகளைப் படித்து வருகிறோம். அவையெல்லாம் பணத்தைக் காப்பாற்றும் செய்திகள். இந்த மாதம் ஆளைக் காப்பாற்றும் செய்தி ஒன்றைப் பாடமாக எழுத முன்வந்திருக்கிறோம். கிடங்கில் வண்டுக்கு மாத்திரை வைக்கும் வேலையைப் பற்றியது இது. நாங்கள் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்கவில்லை. எங்கள் கிடங்கு வாசலில், எங்கள் தவற்றால் படித்தோம்.

நடந்தது என்ன?

1994-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்திய வாரங்கள். மழைக்காலம். துவரம் பருப்பும் கொண்டைக்கடலையும் கிடங்கில் நிறைந்திருந்தன. அட்டியின் கீழ் வரிசை மூட்டைகளில் வண்டு விழுந்துவிட்டது. விற்பனைக் காலத்தில் வண்டு விழுந்தால் வியாபாரிக்குத் தூக்கம் வராது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய வழக்கப்படி நாங்களே மாத்திரை டப்பாவை வாங்கி வந்தோம். விற்றவரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் கேட்கவில்லை. எங்களிடம் இருபது ஆண்டு வேலை பார்த்த கிடங்கு மேஸ்திரி, துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே மாத்திரைகளை வைத்தார். தார்ப்பாய் போட்டு மூடினோம். கதவிடுக்கில் களிமண் பூசினோம். ஒரு வாரம் திறக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் வெளியூரிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். ஐந்து மூட்டை பருப்பு உடனே வேண்டும் என்றார். லாரி வாசலில் நிற்கிறது. "ஐந்து நிமிஷ வேலைதானே" என்று கதவைத் திறக்கச் சொன்னோம். சொன்னது நாங்கள்தான், மேஸ்திரி தயங்கினார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். மறுபடி துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது மூட்டையை எடுத்து வரவில்லை. கூப்பிடப் போன இளைஞர் வாயைப் பொத்திக்கொண்டு வாந்தியுடன் வெளியே ஓடி வந்தார். நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, மேஸ்திரியைக் காலைப் பிடித்து இழுத்து வந்தோம். அதுவும் தவறு என்பது பின்னால்தான் தெரிந்தது. அன்று அந்த நால்வரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் போனது தெய்வச் செயல்.

காற்றாடப் படுக்க வைத்ததும் கண் விழித்தார். மாலையில், "ஒண்ணுமில்ல மொதலாளி, வீட்டுக்குப் போறேன்" என்று மருத்துவமனைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மருத்துவர் விடவில்லை. அந்த இரவுதான் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வந்தது. வீட்டில் இருந்திருந்தால் விடிந்திருக்காது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. வாசலில் நின்று மூட்டை எண்ணும் வேலை கொடுத்தோம்.

மருத்துவமனை வராந்தாவில் அவர் மனைவி எங்களைப் பார்த்துச் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "துண்டக் கட்டிக்கிட்டுத்தானே மொதலாளி உள்ள போனாக?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தப் பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

மாத்திரை என்ன செய்கிறது?

நாம் "வண்டு மாத்திரை" என்று சொல்லும் பொருளின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு. மாத்திரை நேராக வண்டைக் கொல்வதில்லை. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு வெளிவருகிறது. அந்த வாயுதான் மூட்டைக்குள் புகுந்து, பருப்புக்குள் புகுந்து, உள்ளே ஒளிந்திருக்கும் புழுவையும் கொல்கிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் வாயுவைத் தரும். மீதி சாம்பல் நிறத் தூளாகக் கிடக்கும்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை. காற்றைவிடச் சற்றுக் கனமானது. கோணி, சுவர் விரிசல், கதவிடுக்கு எதுவும் இதற்குத் தடையில்லை. பூண்டு வாசனை அல்லது அழுகிய மீன் நாற்றம் வரும் என்பார்கள். அந்த வாசனை சரக்கில் உள்ள மற்றக் கலப்புகளால் வருவது. சுத்தமான பாஸ்பீனுக்கு மணமே கிடையாது. வாசனை மறைந்த பிறகும் வாயு இருக்கலாம். ஆகவே மூக்கை நம்பிக் கிடங்கில் நுழைவது, தராசு இல்லாமல் கண்மதிப்பில் தங்கம் வாங்குவது போன்றது.

இப்போது துண்டுக்கு வருவோம். கோணிச் சாக்கில் கடலையைக் கட்டலாம். அதே சாக்கில் மைதா மாவைக் கட்டினால் என்ன ஆகும்? துண்டும் அப்படித்தான். தூசி பெரிது, ஆகவே ஓரளவு தடுக்கும். வாயுவுக்குத் துண்டின் இழைகள் திறந்த வாசல். நனைத்துக் கட்டினாலும் பயனில்லை. தண்ணீரில் இந்த வாயு மிகக் கொஞ்சமே கரையும். அத்துடன், மாத்திரை வைக்கும்போது ஈரத் துணியும் ஈரக் கையும் இருப்பது ஆபத்தைக் கூட்டும், ஏனெனில் ஈரம் பட்டால்தான் வாயு வேகமாகக் கிளம்புகிறது.

2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு எல்லாக் கடைகளிலும் என்-95 முகக்கவசம் புழங்குகிறது. "அது இருக்கிறதே, போதாதா?" என்று இளைய வியாபாரிகள் எங்களைக் கேட்கிறார்கள். போதாது. அது நுண்தூசிக்கும் நீர்த்திவலைக்கும் செய்யப்பட்டது. வாயுவை அது நிறுத்தாது. இரண்டு கட்டினாலும் நிறுத்தாது.

ஒரு சிறு கணக்கு

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். ஆகவே இதையும் கணக்காகப் பார்ப்போம்.

10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு சின்ன அறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு 3 கிராம் மாத்திரை. அது முழுவதும் வாயுவானால், கிடைக்கும் 1 கிராம் பாஸ்பீன் ஏறத்தாழ முக்கால் லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அறையின் காற்று சுமார் 28,300 லிட்டர். வாயு வெளியே கசியாமல் இருந்தால், காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 25 பங்கு பாஸ்பீன் இருக்கும்.

எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பு வைத்த வரம்பு எவ்வளவு? பத்து லட்சத்தில் 0.3 பங்கு. அதாவது அந்தச் சின்ன அறையில் ஒரே மாத்திரை, வரம்பைப் போல் எண்பது மடங்குக்கு மேல் போய்விடுகிறது. கிடங்கில் நாம் வைத்தது ஒரு மாத்திரை அல்ல.

சில்லறைக் கடைக்காரர்கள் இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்க வேண்டும். அரிசி டிரம்மிலும் பருப்பு டப்பாவிலும் துணியில் முடிந்து ஒரு மாத்திரை போட்டு வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. கடைக்குப் பின்னால் அல்லது மாடியில் குடும்பம் குடியிருக்கும். குழந்தைகள் தூங்கும். 2024 நவம்பரில் சென்னைக்கு அருகே குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடி தாக்கி இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். குடியிருப்போடு சேர்ந்த கடையில் வாயு மருந்துக்கு இடமே இல்லை.

யார் செய்யலாம்?

அலுமினியம் பாஸ்பைடு யார் வேண்டுமானாலும் வாங்கி வைக்கும் சரக்கு அல்ல. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது விதி. 3 கிராம் மாத்திரை பத்தும் இருபதுமாக அடைத்த குழாய்ப் பொதிகள் 2001-இல் தடை செய்யப்பட்டன. ஆகவே "தெரிந்த கடையில் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவர் நமக்கு உதவி செய்யவில்லை.

உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழையுங்கள். வந்தவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உரிமம் எங்கே? வாயு அளக்கும் கருவி கொண்டு வந்தீர்களா? உங்கள் ஆட்களின் முகக்கவசம் எங்கே? மூன்றுக்கும் கையில் எடுத்துக் காட்டினால் வேலையைக் கொடுங்கள். துண்டோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். எத்தனை மாத்திரை வைப்பது என்ற அளவை இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே எழுதவில்லை. அது பயிற்சி பெற்றவர் வேலை.

எந்த ஆபத்துக்கு எந்தக் கவசம்?

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். கவசம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஆபத்துக்கும் அதற்கென்று ஒரு கவசம் உண்டு. மாற்றி அணிந்தால் கவசம் இல்லாததைவிடக் கேடு. பொய்த் தைரியம் தந்து ஆளை உள்ளே அனுப்பிவிடும். எங்கள் மேஸ்திரியைத் துண்டு அப்படித்தான் உள்ளே அனுப்பியது.

1. வற்றல், மல்லி, மஞ்சள் இறக்குதல், சலித்தல்: ஆபத்து தூசியும் நெடியும். இங்கே என்-95 முகக்கவசம் சரியான கவசம். கண்ணோடு ஒட்டி உட்காரும் கண்ணாடியும் வேண்டும்.

2. ஆசிட், பிளீச்சிங் பவுடர் முதலியவற்றைக் கையாளுதல்: ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். இரண்டையும் அருகருகே அடுக்கக் கூடாது. கலந்தால் குளோரின் வாயு வரும்.

3. மாத்திரை வைத்தல்: இங்கே ரப்பர் கையுறை ஆகாது; உள்ளே கை வியர்க்கும். உலர்ந்த பருத்திக் கையுறைதான் வேண்டும். முகம் முழுவதும் மூடும் கவசத்தில் பாஸ்பீனுக்கென்று குறிக்கப்பட்ட வடிகுடுவை இருக்க வேண்டும். குடுவைக்குக் காலாவதித் தேதி உண்டு. தாடி வைத்தவருக்குக் கவசம் முகத்தோடு ஒட்டாது, காற்று உள்ளே புகும்.

4. மாத்திரை வைத்து மூடிய கிடங்குக்குள் நுழைதல்: வாயு எவ்வளவு என்று அளக்காத இடத்தில் வடிகுடுவைக் கவசமும் போதாது. முதுகில் காற்று உருளை சுமந்து மூச்சு விடும் கருவி வேண்டும். அது நம்மிடம் இல்லை. ஆகவே நம்மைப் பொறுத்தவரை மூடிய கதவுதான் கவசம்.

5. மூட்டை தூக்குதல்: ஓர் ஆள் 55 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. 100 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிய காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த முதுகுகள் என்ன ஆயின என்பதையும் பார்த்தவர்கள். இடுப்புப் பட்டை கட்டினால் பாரம் குறையாது. தள்ளுவண்டியும் சிறிய சிப்பமும்தான் குறைக்கும்.

கவசம் கடைசி வேலி

தோட்டத்துக்கு ஒரு வேலி போதாது என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். தொழிலில் கவசம் என்பது கடைசி வேலி. அதற்கு முன்னால் வேறு வேலிகள் இருக்க வேண்டும்.

முதல் வேலி, மாத்திரையே தேவைப்படாமல் பார்த்துக்கொள்வது. ஈரச் சரக்கை விலை குறைவு என்று வாங்காதீர்கள். வந்த மூட்டையில் சாம்பிள் ஊசி குத்திப் பார்த்து, வண்டு இருந்தால் பழைய சரக்கோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். தரையில் நேராக மூட்டை அடுக்காமல் மரச்சட்டம் போடுங்கள். சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்கும் இடம் விடுங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்புங்கள். மூலையில் கொட்டிக் கிடக்கும் பழைய பருப்பும் உதறாத காலிச் சாக்கும்தான் வண்டுக்குத் தாய்வீடு. எங்கள் கிடங்கில் 1994-இல் வண்டு வந்ததும் அப்படி ஒரு மூலையிலிருந்துதான்.

இரண்டாம் வேலி, ஆளையும் ஆபத்தையும் பிரித்து வைப்பது. மருந்து வைக்கும் கிடங்கில் ஒருவரும் இரவில் படுக்கக் கூடாது. ஒட்டிய சுவருக்கு அந்தப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாம் வேலி, நாள் ஒழுங்கு. ஐந்து முதல் ஏழு நாள் வரை, அல்லது கட்டுப்பாட்டாளர் எழுதிக் கொடுத்த நாள்வரை, கதவு திறக்கக் கூடாது. ஆகவே அந்த நாட்களுக்கு வேண்டிய சரக்கை முன்கூட்டியே வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து மூட்டை முன்பே வெளியே இருந்திருந்தால் எங்களுக்கு இந்தக் கதையே இல்லை.

நான்காவதாகத்தான் கவசம்.

மருந்து வைக்கும் நாட்களில்

வேலையைக் கட்டுப்பாட்டாளர் செய்தாலும் கிடங்கு நம்முடையது. கீழ்க்கண்டவை நம் பொறுப்பு.

1. கூரை ஒழுகுகிறதா என்று முன்பே பாருங்கள். மாத்திரைமேல் தண்ணீர் கொட்டினால் வாயு ஒரேயடியாகக் கிளம்பித் தீப்பிடிக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணல் அல்லது உலர்தூள் தீயணைப்பான்தான்.

2. மின் தராசு, பில் போடும் இயந்திரம், கணினி ஆகியவற்றை வெளியே எடுங்கள். பாஸ்பீன் செம்பை அரிக்கும். உள்ளே மெயின் சுவிட்சை அணையுங்கள்.

3. எல்லாக் கதவிலும் எச்சரிக்கை எழுதுங்கள். மருந்து வைத்த தேதி, திறக்கும் தேதி, கட்டுப்பாட்டாளர் தொலைபேசி எண் மூன்றும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளரும் இருப்பார்கள். மண்டை ஓட்டுப் படமும் வரையுங்கள். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள்.

4. சாவி ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது முதலாளியின் இடுப்பில் இருக்கட்டும். அவசரம் என்று கேட்பவர் நம் சொந்தத் தம்பியாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

5. திறக்கும் நாளில் வெளியிலிருந்தே எல்லாக் கதவு, சன்னல்களையும் திறந்து காற்றோட வையுங்கள். கட்டுப்பாட்டாளர் கருவியில் அளந்து, வரம்புக்குக் கீழே வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்த பிறகே ஆட்கள் நுழையலாம். மிச்சத் தூளை அவரே எடுத்துச் சென்று செயலிழக்கச் செய்ய வேண்டும். குப்பைத் தொட்டியிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது.

ஏதேனும் நேர்ந்துவிட்டால்

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல் ஆகியவை அடையாளங்கள். இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வெளியேற வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, நாங்கள் ஓடியவர்கள். ஆனால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் அடிக்கடி நடப்பது. கதவுகளை வெளியிலிருந்து திறந்துவிட்டு, தீயணைப்பு நிலையத்துக்கும் 108-க்கும் தகவல் சொல்லுங்கள். உள்ளே பாஸ்பீன் என்று சொல்லுங்கள்.

வெளியே வந்தவரை நடக்க விடாமல் காற்றாடப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்துப் பொதியின் பெயர்ச்சீட்டை அல்லது அதன் நகலைக் கையோடு கொண்டு போங்கள். டப்பாவைக் கொண்டு போகாதீர்கள். இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுக்கும் இதயத்துக்கும் துணையாக இருந்து காப்பாற்றுவதுதான் சிகிச்சை. நுரையீரலில் நீர் கோப்பது ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். "ஒண்ணுமில்ல மொதலாளி" என்ற சொல்லை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

முதலாளியின் பொறுப்பு

"கவசம் வாங்கிக் கொடுத்தோம், அவர் போடவில்லை" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி ஈடு தரவேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் 1923 முதல் இருக்கிறது. ஆனால் இதைச் சட்டத்துக்காக எழுதவில்லை. தொழிலாளி நம் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவர். முதலாளி முகக்கவசம் இல்லாமல் வற்றல் மூட்டையைப் பிரித்தால் அவரும் அப்படித்தான் பிரிப்பார். முதலாளி "ஐந்து நிமிஷம்தானே" என்றால், அவர் தயக்கத்தை விழுங்கிக்கொண்டு உள்ளே போவார்.

ஆகவே கவசம் வாங்குவதோடு இன்னொன்றும் வேண்டும். "இந்த வேலை ஆபத்து, நான் போகமாட்டேன்" என்று தொழிலாளி சொன்னால் கோபப்படாமல் கேட்கும் காது. அன்று மேஸ்திரி தயங்கியபோது எங்களிடம் அந்தக் காது இருந்திருந்தால், அவருக்கு நுரையீரலும் எங்களுக்கு மன நிம்மதியும் மிஞ்சியிருக்கும்.

அந்த ஐந்து மூட்டையில் கிடைத்த லாபம் எவ்வளவு என்று பிறகு பழைய சிட்டையைப் புரட்டிப் பார்த்தோம். மேஸ்திரியின் ஒரு நாள் மருந்துச் செலவுக்குக்கூடக் காணாது. வாடிக்கையாளரும் ஒரு வாரம் பொறுத்திருப்பார். அவரே பின்னால் அப்படிச் சொல்லி வருந்தினார்.

உறுப்பினர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கிடங்கிலும் கடையிலும் பழைய மாத்திரை டப்பா ஏதேனும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், தண்ணீர் படவிடாதீர்கள், தூக்கி எறியாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத உலர்ந்த இடத்தில் பூட்டி வைத்து, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளருக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஆட்களை உட்கார வைத்து, இந்தக் கட்டுரையை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நம் கிடங்கிலிருந்து சரக்கு எப்படிப் பழுதில்லாமல் வெளியே போக வேண்டுமோ, அப்படியே ஆளும் மாலையில் பழுதில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.